விசிறி இருந்தால் போதுமா?



கர்நாடக எல்லையை ஒட்டிய ஓசூரில் 1970-களில் சிப்காட் தொழிற்பேட்டை உருவாயிற்று. லாரி, மோட்டார் சைக்கிள், கைக்கடிகாரம் என்று அங்கே தயாராகும் பொருள்கள் பல. பெரிய ஆலைகளுக்கு உதிரிபாகம் செய்து கொடுக்கும் சிறு பட்டறைகளும் ஏராளம். இன்று இப்பட்டறைகளில் இரும்பைக் கடையும் எந்திரங்களைக் கணிப்பொறியே இயக்குகிறது. எந்திரத்தின் அருகில் பீரோ போன்ற ஓர் இரும்புப் பெட்டி நிற்கும். மின்னணுச் சுற்றுகள் எல்லாம் அதற்குள்தான் இருக்கின்றன.

கோடையில் இப்பெட்டி சூடாகி எந்திரம் நின்றுவிட்டால் என்ன செய்வது? ஓசூரில் மட்டுமல்ல, பட்டறைகள் உள்ள பல ஊர்களிலும் ஒரு வழக்கம் உண்டு. பெட்டியின் கதவைத் திறந்து வைத்து, எதிரே ஒரு பெரிய மின்விசிறியைச் சுழலவிடுவார்கள். இந்த வழக்கத்தைக் கைவிட வேண்டும் என்பதே என் கருத்து. உங்களில் சிலர் நாளை இத்தகைய எந்திரங்களின் முன் நிற்கப் போகிறவர்கள். ஆகையால் இதை உங்களிடம் சொல்கிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக் கொள்வோம். விசிறி குளிர்ச்சியை உண்டாக்குவதில்லை, காற்றைத் தள்ளுகிறது. நம் உடலில் விசிறிக் காற்று பட்டால் குளிர்கிறதே என்பீர்கள். வியர்வை ஆவியாவதே அதற்கு முக்கியக் காரணம். கணிப்பொறிக்கு வியர்ப்பதில்லை அல்லவா? அதன் வெப்பத்தைக் காற்றுதான் சுமந்துகொண்டு வெளியேற வேண்டும்.

எவ்வளவு காற்று வேண்டும்? கணக்கிட்டுப் பார்ப்போம். 200 வாட் மின்சாரத்தில் இயங்கும் ஒரு கணிப்பொறி, ஏறத்தாழ அவ்வளவையும் வெப்பமாகவே வெளிவிடுகிறது. 1 கிலோகிராம் காற்றை 1 டிகிரி செல்சியஸ் சூடாக்கச் சுமார் 1,000 ஜூல் தேவை. உள்ளே வரும் காற்றைவிட வெளியேறும் காற்று 10 டிகிரிக்குமேல் சூடாகக் கூடாது என்றால், விநாடிக்கு 20 கிராம் காற்று பெட்டியினூடே செல்ல வேண்டும். ஓசூர் கடல்மட்டத்திற்கு மேல் சுமார் 900 மீட்டர் உயரத்தில் உள்ளது. அதே வெப்பநிலையில் உள்ள சென்னைக் காற்றைவிட ஓசூர்க் காற்று ஏறத்தாழ 10 சதவீதம் இலேசானது. 30 டிகிரி வெப்பநிலையில் அங்கே 20 கிராம் காற்று என்பது சுமார் 19 லிட்டர். பாதிக் காற்றுதான் செல்கிறது என்றால் சூடு 10 டிகிரிக்குப் பதில் 20 டிகிரி ஏறிவிடும். "ஓசூர் குளிர்ந்த ஊர்தானே" என்று சும்மா இருந்துவிட முடியாது!

இந்தக் காற்று நுழைய ஒரு வாயிலும் வெளியேற ஒரு வாயிலும் வேண்டும். சூடான பாகங்கள் இரண்டிற்கும் நடுவே இருக்க வேண்டும். இரண்டு வாயில்களும் அருகருகே இருந்தால், வெளியேறிய சூடான காற்றே மீண்டும் உள்ளே வரும். ஓசூரில் ரோஜா வளர்க்கும் பசுமைக்குடில்களைப் பாருங்கள். பக்கங்களில் காற்று நுழைகிறது. கூரை உச்சியிலுள்ள திறப்பின் வழியே சூடான காற்று வெளியேறுகிறது. அங்கே விசிறியே இல்லாமலும் காற்றோட்டம் நடைபெறுகிறது, வழி சரியாக இருப்பதால்!

அப்படியானால் கணிப்பொறியிலும் விசிறியை மேலே வைத்தால் போதுமா? போதாது. பசுமைக்குடில் பல மீட்டர் உயரமானது. அரை மீட்டர் உயரப் பெட்டியில் சூடான காற்று தானாக மேலே எழும் விசை மிகச் சிறியது. சிறு விசிறியின் அழுத்தம்கூட அதைவிடப் பல மடங்கு அதிகம். எனவே முன்புறம் கீழே காற்றை உள்ளே இழுத்து, பின்புறம் மேலே வெளியே தள்ளுவது நல்லது. விசிறிகள் ஒன்றையொன்று எதிர்த்து வீசக் கூடாது என்பதே முக்கியம்.

அடுத்தது தூசு. கிருஷ்ணகிரிப் பகுதியில் கிரானைட் அறுக்கும் தூள் பறக்கிறது. பட்டறைகளில் இரும்புத் துகள் பறக்கிறது. காற்றை வெளியே தள்ளும் விசிறியே வலுவாக இருந்தால், பெட்டியின் ஒவ்வொரு இடுக்கு வழியாகவும் தூசு உள்ளே இழுக்கப்படும். உள்ளே தள்ளும் காற்று சற்று மிகுதியாக இருந்து, அதுவும் வடிகட்டி வழியாக வந்தால், இடுக்குகளில் காற்று வெளியேறுமே தவிர உள்ளே நுழையாது. வடிகட்டியை அடிக்கடி சுத்தம் செய்வதும் கட்டாயம்.

இப்போது அந்தத் திறந்த கதவுக்கு வருவோம். கதவைத் திறந்ததும் சூடு குறைவது உண்மைதான். ஆனால் அது எதைக் காட்டுகிறது? வடிகட்டியோ காற்று வழியோ அடைபட்டிருக்கிறது, அல்லது உள்விசிறியோ குளிர்விக்கும் கருவியோ பழுதாகியிருக்கிறது என்பதைத்தான். அதைச் சரிசெய்யாமல் கதவைத் திறந்தால், இரும்புத் துகள் மின்சுற்றில் படிந்து குறுக்குச்சுற்று ஏற்படலாம். அதைவிடப் பெரிய கேடு, மின்சாரம் பாயும் பாகங்கள் வேலை செய்பவரின் கைக்கெட்டும் தூரத்தில் திறந்து கிடப்பது. ஒரு வடிகட்டியின் விலைக்காக ஓர் உயிரைப் பணயம் வைக்கலாமா?

உங்கள் பள்ளிக் கணிப்பொறியில் ஒரு சோதனை செய்து பாருங்கள். பெட்டியைத் திறக்க வேண்டாம். மெல்லிய காகிதத் துண்டு ஒன்றை நூலில் கட்டி, காற்றுத் துளைகளின் வெளியே பிடியுங்கள். எங்கே காகிதம் துளையில் ஒட்டுகிறது? எங்கே விலகிப் பறக்கிறது? படம் வரைந்து அம்புக்குறி இடுங்கள். பின்புறத் துளை சுவரோடு ஒட்டியிருந்தால் ஆசிரியரிடம் சொல்லி ஒரு சாண் தள்ளி வையுங்கள். புதிய விசிறி வாங்குவதைப் பற்றி அதன்பிறகு யோசிக்கலாம்.