சம்பளமும் உறக்கமும்

நமது விமான ஓட்டிகள் துபாய்க்கும் தோஹாவுக்கும் போய்விடுகிறார்களே என்று குறைப்படுவோர் உண்டு. தேசபக்தி குன்றிவிட்டதென்று அவர்களை ஏசுவது சுலபம். கணக்குப் பார்த்துப் பேசுவதே நியாயமென்று நாம் கருதுகிறோம்.

துபாயில் சம்பளத்துக்கு வருமான வரி கிடையாது. இங்கோ உயர்ந்த சம்பளத்தின் மேற்பகுதியில் 100-க்கு 30 சர்க்காருக்குப் போகிறது. அங்கே வீட்டு வசதியையும் குழந்தைகளின் படிப்புச் செலவையும் பெரும்பாலும் கம்பெனியே கவனித்துக்கொள்கிறது. ஆனால், அந்த வாழ்வெல்லாம் வேலையுள்ள வரையில்தான். 2020-இல் கொள்ளை நோயால் விமானங்கள் நின்றபோது, வளைகுடாக் கம்பெனிகள் விமான ஓட்டிகள் பலரை நீக்கின. வேலையோடு குடியிருப்பு அநுமதியும் போயிற்று. வயதான தாய் தந்தையரின் அருகில் இருக்கும் நிம்மதிக்கோ எந்தக் கம்பெனியும் படி கொடுப்பதில்லை.

அப்படியிருந்தும் ஏன் போகிறார்கள்? பணம் ஒரு காரணம், ஓய்வின்மை மற்றொன்று. வார ஓய்வை 36 மணியிலிருந்து 48 மணியாக உயர்த்தும் விதி 2024 ஜனவரியில் வெளியாயிற்று. 2025 ஜூலையில்தான் அமலுக்கு வந்தது. அவ்வருஷம் டிசம்பரில், புதிய விதிகளுக்குப் போதிய ஆட்களின்றி ஒரு பெரிய கம்பெனியின் ஆயிரக்கணக்கான விமானப் பயணங்கள் ரத்தாயின. உடனே அதற்காக இரவு வேலை விதிகளைத் தற்காலிகமாகத் தளர்த்தினார்கள்!

தலைமை விமான ஓட்டிகள் விலகுவதற்கு ஒரு வருஷ முன்னறிவிப்புத் தரவேண்டுமென்று 2017-இல் சர்க்கார் விதித்தது. கதவைத் தாழிட்டு வைப்பதால் வீட்டின்மீது பற்று வளராது. விமான ஓட்டியின் உறக்கம் அவருக்குக் காட்டும் சலுகையன்று. அவருக்குப் பின்னால் அமர்ந்திருக்கும் நம் குடும்பங்களுக்குக் காவல். அந்த ஓய்வு விதியைத் தளர்த்தாமல் காப்பாற்றுவதே சர்க்கார் முதலில் செய்யவேண்டிய காரியம்.