மட்டையின் மேல் ஏன் பழி?

கிரிக்கெட் வந்தது, சிற்றூரின் பண்பாடு செத்தது என்று ஒரு கட்டுரையாளர் ஒப்பாரி வைத்திருக்கிறார். வெள்ளைக்காரன் விட்டுப்போன எச்சமாம், சடுகுடுவை விழுங்கிவிட்டதாம், ஊர்ப் பையன்கள் டிவியைப் பார்த்துக் காப்பியடிக்கிறார்களாம். எந்த ஊர் மந்தையில் நின்று இதைக் கண்டுபிடித்தார் என்பதை மட்டும் சொல்லவில்லை.

வெள்ளைக்காரன் ஆட்டம்தான், யார் இல்லை என்றார்கள்? சென்னையில் 1846இலும் சிங்கப்பூர் பாடாங்கில் 1852இலும் கிளப் வைத்துத் தனக்குள் ஆடிக்கொண்டான். வறண்ட கண்மாய்க்குள் கைலியை மடித்துக் கட்டி, டென்னிஸ் பந்தில், எல்பிடபிள்யூ இல்லாமல் ஆடுகிறவன் விதியையே தனக்கேற்ப வளைத்தவன். அவனா காப்பியடிக்கிறான்? சேலம் சின்னப்பம்பட்டி நடராஜன் இருபது வயதுவரை அந்தப் பந்தில்தான் ஆடினார். 2020-21 ஆஸ்திரேலியப் பயணத்தில் மூன்று வகை ஆட்டத்திலும் இந்தியாவுக்கு அறிமுகமானார். 2023இல் சொந்த ஊரிலேயே மைதானமும் திறந்தார். ஊரை விழுங்கும் ஆட்டத்தின் லட்சணம் இதுதானா?

சடுகுடு எங்கே செத்தது? மின்னொளி கபடிப் போட்டி நோட்டீஸ் ஒட்டிய சுவரில்தான் பொங்கல் கிரிக்கெட் நோட்டீஸும் ஒட்டுகிறார்கள். இன்னொன்றையும் கேட்கிறேன்: இவர் உருகும் அந்தப் பொற்காலத்தில், சேரிப் பையனைத் தொட்டுப் பிடித்துச் சடுகுடு ஆட எத்தனை ஊர்கள் சம்மதித்தன? கிரிக்கெட் டீமிலும் சாதி உண்டு. 2024இல் வந்த ‘லப்பர் பந்து’ படம் அதைத்தான் பேசியது. ஆனால் சாதியை மட்டையா கொண்டுவந்தது? ஊர்ப் பொட்டலைப் பிளாட் போட்டு விற்றது பந்தா? விற்றவர்களைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரி இல்லை.

கட்டுரையாளர் ஒரு ஞாயிற்றுக்கிழமை சிங்கப்பூரின் பூன் லே பேருந்து முனையத்துக்கு வரட்டும். தொழிற்பேட்டை விடுதிகளிலிருந்து வரும் தம்பிகளின் கைப்பேசியை எட்டிப் பார்க்கட்டும். ஐபிஎல் இல்லாத மாதத்திலும் அதில் கிரிக்கெட் ஓடும்: பட்டுக்கோட்டைப் பக்கத்து ஊர்ப் போட்டி, யூடியூப் நேரலை. மட்டை பிடித்தவனைப் பட்டப்பெயர் சொல்லி மைக்கில் ஒருவர் வாருவார். பின்னால் தொங்கும் பேனரில் பரிசு கொடுத்தவர்கள் பட்டியல். சில பெயர்களுக்குப் பக்கத்தில் ‘சிங்கப்பூர்’ என்றிருக்கும்.

ஓவர்டைம் பார்த்த காசில் ஊர்த் தேருக்கு வரி அனுப்புகிறவனே இந்தக் கோப்பைக்கும் பணம் அனுப்புகிறான். தேருக்குப் போனால் பண்பாடு, கோப்பைக்குப் போனால் சீரழிவு என்று அவன் காசுக்குத் தீர்ப்பெழுத இவர் யார்?