கூலியும் கூத்தும்

மாணாக்கர் கேட்கும் வினாக்களுட் சில ஆசிரியனை உறங்கவிடுவதில்லை. மாசித் திங்கள் ஒன்றில் அத்தகைய வினாவொன்று எம்மிடம் வந்தது. பதுளைக்கு அணித்தாயுள்ள தோட்டமொன்றிலிருந்து எம்மிடம் தமிழ் பயில வரும் இளைஞன் ஒருவன், தன் தோட்டத்துக் காமன் கூத்தில் ரதி வேடம் புனைபவன். உல்லாச விடுதியொன்று அவனுடைய குழுவினரை அழைத்திருந்தது. வெளிநாட்டு விருந்தினர் இராவுணவு கொள்ளும் வேளையிற் பதினைந்து நிமிடம் ஆடவேண்டும். தப்பு முழங்கலாம், ரதியும் மதனும் ஆடலாம், எரிப்பும் புலம்பலும் வேண்டா. கை நிறையப் பணம் உண்டு. "ஐயா, போகலாமா?" என்று கேட்டான்.

அவன் கேட்டது ஓரிரவுப் பயணத்தைப் பற்றியதன்று. கலை எதன்பொருட்டு என்னும் பழைய வினாவையே அவன் புதிதாகக் கேட்டான்.

காமன் கூத்தைக் கண்டறியாத வாசகர்பொருட்டுச் சில கூறுவாம். மாசி மாத வளர்பிறையிலே, தோட்டத்தார் 'காமன் பொட்டல்' என்றழைக்கும் வெளியிற் கம்பம் ஊன்றப்படும். வேடம் புனைவோர் காப்புக் கட்டி விரதம் காப்பர். அவர்க்குப் புலாலும் மதுவும் விலக்கு. பகலெல்லாம் மலைச்சரிவிற் கவ்வாத்து வெட்டியும் உரமிட்டும் களைத்த உடம்பினர், இருள் கவிந்ததும் பொட்டலிற் கூடுவர். தப்பின் தோலைத் தீயிற் காய்ச்சிப் பதம் பார்ப்பர். ஈசன் தவத்தைக் கலைக்கப் புறப்படும் மதனை ரதி தடுப்பாள். அவனோ ஏற்ற கடமையை விடாது போவான். முழுநிலவை ஒட்டிய இரவிலே கூத்து விடியுமட்டும் நிகழும். தூதன் வருவான், வீரபத்திரன் வருவான், எமன் வருவான், குறவனும் குறத்தியும் வந்து சிரிக்க வைப்பர். இறுதியில் நெற்றிக்கண் திறக்கும், மதன் எரிவான். அப்பொழுது ரதி புலம்பும் புலம்பலைக் கேட்டு லயத்து முதிய பெண்கள் வாய்விட்டழுவர். அவர்கள் அழுவது மதனுக்காக மாத்திரமா? தாம் பறிகொடுத்தோர் அனைவருக்காகவுமன்றோ! பின்னர் மதன் உயிர்ப்பிக்கப்படுவான். ஆயினும் ரதியின் கண்ணுக்கன்றிப் பிறர் கண்ணுக்குப் புலனாகான்.

இத்தனை இரவுக்கும் கூலி யாது? ஒன்றுமில்லை. செலவுக்கு வேண்டிய பணமும் வீடுதோறும் தண்டியதே. தோட்டத்திலே ஆண்டு முழுவதும் மனிதர் நிறுக்கப்படுகின்றனர். கொழுந்து தராசில் ஏறினால்தான் பேர் விழும். நிறை குறைந்தால் அரைப்பேர். அத்தகைய மாந்தருக்கு ஆண்டிற் சில இரவுகளேனும் தராசுக்கு அப்பாற்பட்டனவாய் அமைகின்றன. பகலில் அவன் ஒரு பேர். இரவில் அவன் எமன், வீரபத்திரன், ஈசன். தன்னை இழந்து தன்னிற் பெரிய ஒன்றிலே தோய்தலைச் சமயநூலார் எங்கெங்கோ தேடுவர்; பொட்டலில் நிற்கும் தொழிலாளிக்கு அது தப்பின் அடியிலேயே கைவருகின்றது. மலைநாட்டு மக்கள் பாடல்களைத் திரட்டித் தந்த சி. வி. வேலுப்பிள்ளை அவர்களின் தொகுப்பைப் புரட்டுவோர் ஒன்று காண்பர்: அப்பாடல்களை முதலிற் பாடினோர் பெயர்கள் அங்கில்லை. அவர்கள் பொருளும் கேட்டிலர், புகழும் கேட்டிலர்.

இக்கருத்தை உலகம் அறிய உரைத்தவர் கொழும்பிலே 1877ஆம் ஆண்டிற் பிறந்த ஆனந்த குமாரசுவாமி ஆவர். நிலவியலாளராய் இந்நாட்டின் ஊர்களிலே திரிந்தபொழுது கம்மியரையும் ஓவியரையும் கண்டு, தொழிலையும் கலையையும் வழிபாட்டையும் வெவ்வேறாகப் பிரித்தறியாத வாழ்வொன்றை அவர் உணர்ந்தார். அதன் பயனாகிய 'இடைக்காலச் சிங்களக் கலை' என்னும் பெருநூல் 1908ஆம் ஆண்டு வெளிவந்தது. ஆங்கிலக் கவிஞர் வில்லியம் மோரிசு பயன்படுத்திய கைப்பொறியிலே அது அச்சேறிற்று. பிரதிகள் 425 மாத்திரமே. ஊதியம் கருதுவோன் செய்யும் செயலா அது?

ஈண்டு ஒரு தடை எழும். "பசித்தவனிடம் பயன் கருதாக் கலையைப் பேசுதல் எளிது, கூலி கொடாதவர்க்கே அது துணைபோகும்" என்பர். இத்தடை வலியுடையது, யாம் இதனைப் புறந்தள்ளோம். ஆயிரம் ரூபாய் நாட்சம்பளம் என்னும் கோரிக்கை நிறைவேற 2021ஆம் ஆண்டுவரை போராடி நின்ற மக்கள் இவர்கள். அவர்களை நோக்கிப் பொருள் வேண்டா என்பது அறமாகாது. எம் முன்னோரும் அவ்வாறு கூறிலர். அறம் பொருள் இன்பம் வீடு என்னும் நான்கினையும் எய்துதலே நூலினாலாகும் பயன் என்பது பவணந்தியார் கொள்கை. பொருள் அவற்றுள் ஒன்று, விலக்கப்பட்டதன்று. ஆயின், நான்கில் ஒன்றே நான்குமாகிவிடின் அதுவே கேடு.

புறநானூற்றிலே பெருஞ்சித்திரனாரைக் காண்க. தம் இல்லத்து வறுமையையும் மனைவி மக்கள் பசியையும் குமணனிடம் மறையாது உரைத்தவர் அவர். அவரே, அதியமான் நெடுமான் அஞ்சி தம்மை நேரிற் காணாமல் அனுப்பிய பரிசிலை மறுத்தார். வாணிகம் செய்யவந்த பரிசிலன் தாமல்லர் என்றார். தினையளவே ஆயினும் தகுதியறிந்து தருவதே தமக்கு இனிது என்றார். அவர் வெறுத்தது பொருளையன்று. காணாமை என்னும் குற்றத்தையே அவர் வெறுத்தார்.

இப்பாட்டையே இளைஞனுக்கு விடையாக வைத்தேம். "ஆடிக் கூலி பெறுதல் இழிவன்று; முறையாகப் பேசிப் பெறுக. ஆனால், உண்போர் நிமிர்ந்தும் பாராத இடத்தில், எரிப்பும் புலம்பலும் நீக்கிய ஆட்டத்துக்குக் காமன் கூத்து என்னும் பெயரைக் கொடாதே. பொட்டலில் ஓரிரவையும் அதற்காகக் குறையாதே" என்றேம். அவன் சென்று கூத்து மாஸ்டரிடம் கூறினான். அம்முதியவர், "மாசி கழியட்டும், விரதத்தை முறிச்சுக்கிட்டு வரமாட்டோம்" என்று சொல்லியனுப்பினாராம். விடுதியார் அதன்பின் அழைத்திலர். அப்பணம் வந்திருப்பின் எம் மாணாக்கன் வீட்டு ஒழுகும் கூரைக்குப் புதுத் தகரம் ஏறியிருக்கும். அதனை யாம் அறிவேம். ஆதலின் இவ்விடையை மகிழ்ந்து கூறினேம் அல்லேம்.

ஆயினும் குற்றம் விடுதியாருடையது மாத்திரமா? தமிழ் கற்பிக்கும் எம்மனோருட் பலர் அக்கூத்தினை ஓரிரவும் கண்டிலேம். தப்பு என்றவுடன் முகம் சுளிப்போரும் எம்மிடை உளர். பள்ளிக்கூடத்துக் கலைவிழாவிலே அதற்கு இடங்கொடோம், பாடத்திலும் கொடோம். காணாமலே மதிப்பிடும் பிழையில் யாம் அவ்விடுதியாருக்கு இளைத்தவரல்லேம். பொருள் நோக்காது ஆடுவோர்க்குச் சமூகம் பட்டிருக்கும் கடன் ஒன்றுண்டு, அதுவே வரிசையறிதல்.

ஆசிரிய நண்பர்களே, வருகின்ற மாசியிலே பதுளையிலோ பசறையிலோ பண்டாரவளையிலோ கம்பம் ஊன்றிய தோட்டமொன்றை நாடிச் செல்லுங்கள். மாணாக்கரையும் உடன் கொண்டு செல்லுங்கள். பனியிற் சாக்கு விரித்து விடியுமட்டும் அமர்ந்திருங்கள். பாடல்களை மாஸ்டர் வாய்மொழியாகக் கேட்டு, அவர் இசைவுடன் ஏட்டிலே எழுதிக்கொள்ளுங்கள். யாம் இம்முறை சென்றிருந்தேம். ரதியாய் நின்று புலம்பிய அவ்விளைஞன் எம்மைக் கண்டானல்லன். எம்மைக் காணும் நிலையில் அவன் இருக்கவுமில்லை.