ஒலிம்பஸில் நம்ம டிபார்ட்மென்ட் ஆள்

கிரேக்கக் கடவுள்கள்னு சொன்னா நம்மில் பலருக்கு 'பெர்ஸி ஜாக்சன்' நாவல்களும் 'காட் ஆஃப் வார்' கேமும்தான் ஞாபகம் வரும். இடியை ஆயுதமா வெச்சிருக்கிற ஜீயஸ், கடலை ஆளும் பொசைடன், தலைமுடியெல்லாம் பாம்பா இருக்கிற மெடூசா. இந்தக் கூட்டத்துல நம்ம டிபார்ட்மென்ட் ஆள் ஒருத்தர் இருக்கார், கவனிச்சிருக்கீங்களா? பெயர் ஹெபஸ்டஸ். நெருப்புக்கும் உலோக வேலைக்கும் கடவுள். இன்ஜினியரிங் படிக்கிற நாம கட்டாயம் தெரிஞ்சுக்க வேண்டிய கதை இவருடையதுதான்னு நான் நினைக்கிறேன்.

திறமையில இவரை அடிச்சுக்க ஆளே இல்லை. ஹோமரின் 'இலியட்' 18-ஆம் பகுதியில இவர் பட்டறை வருது. அங்கே 20 முக்காலிகள் செஞ்சுக்கிட்டு இருக்கார். அடியில தங்கச் சக்கரம். தானாகவே தேவர்கள் சபைக்குப் போய், தானாகவே திரும்பி வரும். கால் ஊனமான அவரைத் தாங்கி நடக்க, தங்கத்துல செஞ்ச பெண்கள். அவங்களுக்கு அறிவும் உண்டு, பேச்சும் உண்டு. ரோபோவையும் ஏஐ-யையும் சுமார் 2,700 வருஷத்துக்கு முன்னாடியே கற்பனை பண்ணியிருக்காங்க!

ஆனா இதே கைதான் பண்டோராவையும் செஞ்சது. மனிதர்களுக்காக பிரமீத்தியஸ் நெருப்பைத் திருடினதும், பழிவாங்க நினைச்ச ஜீயஸ், மண்ணையும் தண்ணீரையும் குழைச்சு ஒரு பெண்ணைச் செய்யச் சொல்றார். எதுக்குன்னு ஹெபஸ்டஸ் கேட்டதா ஹெசியட் எழுதின கதையில இல்லை. செஞ்சு கொடுத்துட்டார். அவள் ஜாடியைத் திறந்தாள். நோயும் துன்பமும் உலகம் முழுக்கப் பரவிடுச்சு.

அடுத்து, பிரமீத்தியஸையே பாறையில சங்கிலியால பிணைக்கும் வேலை. எஸ்கிலஸ் பெயரில் வழங்கும் நாடகத்துல இந்தக் காட்சியைப் படிச்சுப் பாருங்க. ஹெபஸ்டஸுக்கு மனசே இல்லை, புலம்புறார். பக்கத்துல கிராட்டோஸ் நின்னுக்கிட்டு, இன்னும் இறுக்கு, இன்னும் ஓங்கி அடின்னு விரட்டுறான். கடைசியில வேலை கச்சிதமா முடியுது.

'கஷ்டமாத்தான் இருந்துச்சு, ஆனா மேலே இருந்து சொன்னாங்க.' இந்தப் பதில் புராணத்தோட முடிஞ்சு போகலை. 2015-ல் ஃபோக்ஸ்வேகன் மோசடி வெளியே வந்தது. புகைப் பரிசோதனை நடக்குதுன்னு தெரிஞ்சா மட்டும் ஒழுங்கா நடந்துக்கிற சாஃப்ட்வேர், சுமார் 1.1 கோடி கார்கள்ல இருந்தது. அதையும் இன்ஜினியர்கள்தான் உருவாக்கினாங்க. அவங்கள்ல ஒருத்தருக்கு 2017-ல் அமெரிக்க நீதிமன்றம் 40 மாதச் சிறைத் தண்டனை கொடுத்தது.

"கல்விக்கடன் இருக்கு, முதல் வேலையிலேயே முடியாதுன்னு சொல்ல முடியுமா?"ன்னு நீங்க கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஹெபஸ்டஸும் ஜீயஸுக்குப் பயந்துதான் சுத்தியலை எடுத்தார். எல்லா நேரமும் மறுக்க முடியாது. ஆனா பண்டோராவைச் செய்யும்போது, இது எதுக்குன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே? கேட்டாத்தானே மறுக்கணுமா வேண்டாமான்னே யோசிக்க முடியும்?

ப்ளேஸ்மென்ட் இன்டர்வியூ முடியும்போது, "எங்ககிட்ட ஏதாவது கேட்கணுமா?"ன்னு கேட்பாங்க. நாம பெரும்பாலும் 'நோ சார்'னு சொல்லிட்டு எழுந்து வந்துடுவோம். இந்த வருஷம் ஒரு கேள்வி கேளுங்க: "நான் செய்யப்போறதை யார், எதுக்குப் பயன்படுத்தப் போறாங்க?"