குறிப்பு வரிகளையும் படியுங்கள்

இந்த இதழின் துணுக்குப் பக்கத்துக்குச் சேர்த்தவற்றில் பாதிக்கு மேல் ஒரே இடத்திலிருந்து வந்துவிட்டன. புதிய மொழியோ புதிய செயற்கை நுண்ணறிவு மாதிரியோ அல்ல. 'ஏசியா' என்று பெயரிட்ட ஒரு சாதாரண உரைக்கோப்பு. ஆண்ட்ராய்டு கைபேசி, லினக்ஸ் சர்வர், ஜாவா, பைத்தான் என்று நாம் தொடுகிற எல்லாமே எந்த ஊரில் என்ன மணி என்பதற்கு நம்பியிருக்கும் நேர மண்டலத் தரவுத்தளத்தின் ஒரு பகுதி அது. 1980களில் ஆர்தர் டேவிட் ஒல்சன் தொடங்கியது. இப்போது பராமரிப்பவர் பால் எக்கர்ட். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். நம்மில் பெரும்பாலோர் ஒருமுறைகூடத் திறந்து பார்த்ததில்லை.

திறக்க என்ன அவசியம், இந்தியாவுக்குத்தான் கோடைக்கால நேரமே கிடையாதே என்று கேட்கலாம். கேட்டவர்கள்தான் கோடில் ஐந்தரை மணிக்கான 19800 விநாடியை நேரடியாக எழுதி வைத்துவிட்டுப் போகிறார்கள். பைத்தானில் 'ஏசியா/கொல்கத்தா' மண்டலத்தைக் கொடுத்து 1900ஆம் ஆண்டின் ஒரு தேதிக்கு யு.டி.சி வித்தியாசம் கேட்டுப் பாருங்கள். ஐந்தரை மணி வராது. 5 மணி 21 நிமிடம் 10 விநாடி வரும். அது மெட்ராஸ் நேரம். நுங்கம்பாக்கம் வானாய்வகத்தின் கணக்கு. ரயில்கள் அதன்படி ஓடின. 1906 ஜனவரி 1 முதல்தான் ஐந்தரை. மண்டலத்தின் பெயரில் கொல்கத்தா இருந்தாலும், 1870 முதல் 1905 வரை அதற்குள் இருப்பது நம் ஊர்க் கடிகாரம்.

அடுத்து 1943ஐக் கொடுங்கள். ஆறரை மணி வரும். உலகப்போர்க் காலத்தில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளியிருந்தார்கள். 1942 செப்டம்பரில் தொடங்கியது 1945 அக்டோபர் நடுவில்தான் முடிந்தது. அதற்கு முன் 1941 அக்டோபரிலிருந்து 1942 மே வரையும் இதே கதை. ஜாதக மென்பொருள் எழுதுகிறவர்கள் இதைத் தள்ளிவிட முடியாது. ஒரு மணி நேரம் தவறினால் லக்னமே மாறிவிடலாம். வாடிக்கையாளர் சும்மா இருக்க மாட்டார்.

ஜோதிடம் என்றதும் இன்னொன்று. 2011இல் இந்தத் தரவுத்தளம் சில நாட்கள் இணையத்திலிருந்தே காணாமல் போயிற்று. காரணம், ஆஸ்ட்ரோலேப் என்ற அமெரிக்க ஜோதிட மென்பொருள் நிறுவனம். பழைய நேர விவரங்கள் தன் நிலப்பட நூலிலிருந்து எடுக்கப்பட்டவை என்று ஒல்சன் மீதும் எக்கர்ட் மீதும் அது வழக்குப் போட்டது. ஐகேன் அமைப்பு தரவுத்தளத்தைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. 2012 பிப்ரவரியில் நிறுவனம் வழக்கைத் திரும்பப் பெற்றது. வழக்கு வரும்வரை உலகத்தின் கடிகாரம் இரண்டு தனிமனிதர்களின் தலையில் இருந்தது என்பது பலருக்கு அப்போதுதான் தெரிந்தது.

ஆனால் ஆசிரியர் உரை எழுதும் அளவுக்கு நம்மைப் பிடித்து நிறுத்தியது 'ஏசியா/கொழும்பு'. 1996இல் மழை பொய்த்து நீர்மின்சாரம் படுத்தது. மே 25 அன்று இலங்கை அரசு கடிகாரத்தை ஆறரைக்குத் தள்ளியது. அதே ஆண்டு அக்டோபர் 26 முதல் ஆறு மணிக்கு இறக்கியது. பத்தாண்டு அப்படியே ஓடியது. 2006 ஏப்ரல் 15, புத்தாண்டுக்கு மறுநாள், நள்ளிரவு 12.30ஐ மீண்டும் 12.00 ஆக்கி ஐந்தரைக்குத் திரும்பினார்கள். ஆகவே அன்றைய 12.15 என்ற நேரம் இரண்டு முறை வந்தது. பைத்தானில் 'ஃபோல்டு' என்ற கொடியை 0 என்று வைத்தால் முதல் 12.15, 1 என்று வைத்தால் இரண்டாவது. அந்தக் கொடி எதற்கு என்று புரியாதவர்களுக்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது.

தரவு வரிகள் சொல்வது இவ்வளவுதான். அவற்றின் மேலே, கம்பிக்குறி போட்ட குறிப்பு வரிகளில் ராய்ட்டர்ஸ் செய்தி ஒன்று ஒட்டப்பட்டிருக்கிறது: விடுதலைப் புலிகள் 1996 மாற்றத்தை ஏற்கவே இல்லை, தங்கள் கடிகாரங்களை ஐந்தரையிலேயே வைத்திருந்தார்கள். ஒரே தீவில், சோதனைச்சாவடிக்கு இந்தப் பக்கம் ஒரு நேரம், அந்தப் பக்கம் வேறு நேரம். 1970க்குப் பிறகு கடிகாரம் வேறுபட்ட பகுதிக்குத் தனி மண்டலப் பெயர் தருவது இத்தரவுத்தளத்தின் பொது வழக்கம். புலிகள் வசமிருந்த வன்னிக்கு அப்படி ஒன்று இல்லை. கம்பைலர் குறிப்பு வரிகளைத் தள்ளிவிட்டுத்தான் போகும். எந்த லைப்ரரியைக் கூப்பிட்டாலும் 2001இன் கிளிநொச்சிக்கு ஆறு மணி என்றே சொல்லும். தரவு தப்பில்லை, அரசு அறிவித்த நேரம் அது. அங்கே இருந்தவர்களின் கைக்கடிகாரம் காட்டியது வேறு.

இதெல்லாம் பழங்கதை என்று நினைத்தால் லெபனானைப் பாருங்கள். 2023 மார்ச்சில் கோடைக்கால நேரத்தை ஒத்திவைப்பதாக அரசு கடைசி நாட்களில் அறிவித்தது. மரோனியத் திருச்சபை மறுத்தது, சில தொலைக்காட்சிகளும் மறுத்தன. நாடு இரண்டு நேரத்தில் ஓடியது. தரவுத்தளம் அவசரமாக ஒரு பதிப்பு வெளியிட்டது. சில நாளில் அரசு பின்வாங்கியதும் அதை ரத்து செய்து இன்னொரு பதிப்பு. வரப்போகும் சந்திப்புகளை யு.டி.சி ஆக்கிச் சேமித்த காலண்டர் செயலிகளை நினைத்துப் பாருங்கள். நடந்து முடிந்ததற்கு யு.டி.சி போதும். நடக்கப்போவதற்கு உள்ளூர் நேரமும் மண்டலப் பெயரும் சேர்த்துத்தான் வைக்க வேண்டும். கோட் ரிவ்யூவில் இதைக் கேட்காத அணிகள் இன்னும் நிறைய.

நம் தொழிலில் புதிதாக வந்ததைப் பார்க்க ஆயிரம் பேர் இருக்கிறார்கள். தினமும் நாம் கூப்பிடும் பழைய கோப்புகளைப் பார்க்கத்தான் ஆள் இல்லை. அடுத்த இதழின் துணுக்குப் பக்கத்துக்கு அப்படிப்பட்ட கோப்பிலிருந்து ஒரு வரி எடுத்து, அது ஏன் அங்கே இருக்கிறது என்று நான்கு வாக்கியம் எழுதி அனுப்புங்கள். வெறும் சுட்டியை அனுப்பினால் போட மாட்டோம்.

1996 முதல் 2006 வரையிலான வடக்கு, கிழக்கு ஆவணங்களை மின்னாக்கம் செய்துகொண்டிருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வேண்டுகோள். ஆவணத்தில் உள்ள நேரத்தை மாற்றாமல் அப்படியே ஏற்றுங்கள். அது கொழும்பு நேரமா வன்னி நேரமா என்பதற்கு அட்டவணையில் தனியாக ஒரு பத்தி வையுங்கள். தெரியாவிட்டால் 'தெரியாது' என்று போடுங்கள். லைப்ரரியை நம்பி நிரப்பிவிடாதீர்கள்.