லாட்ஜ் வைத்தியரிடம் காட்டிய தோலை ஆய்வாளரிடம் மறைப்பதேன்?

 

கடத்தூரில் நம் மஹல்லாவைச் சேர்ந்த ஒரு தாய், தம் மகளின் கழுத்திலும் விரல்களிலும் பரவிவரும் வெண்புள்ளிகளுக்காக ஓர் அரசு மருத்துவமனையின் தோல் பிரிவுக்குச் சென்றார். பரிசோதித்த மருத்துவர், இந்நோயைப் பற்றி ஆய்வு ஒன்று நடப்பதாகவும், விரும்பினால் சிறிது இரத்தமும் குடும்ப விவரமும் கொடுத்துப் பங்கேற்கலாம் என்றும், மறுத்தாலும் சிகிச்சையில் குறை வராது என்றும் சொல்லியிருக்கிறார். அன்று மாலையே உறவினர் கூடினர். "நம் பிள்ளை என்ன சோதனை எலியா?" என்றார் ஒருவர். "அல்லாஹ் கொடுத்ததை ஆராய்ச்சி செய்வதா?" என்றார் மற்றொருவர். "நாலு பேருக்குத் தெரிந்தால் வரன் வருமா?" என்ற மூன்றாவது கேள்வியோடு பேச்சு முடிந்தது. பெயர் கொடுக்கவில்லை.

அடுத்த மாதம் அதே குடும்பம், வெளியூர் லாட்ஜ் ஒன்றில் மாதம் ஒருமுறை வந்து தங்கும் வைத்தியரிடம் அப்பெண்ணை அழைத்துச் சென்றது. பெயரற்ற பொட்டலங்களில் சூரணமும், எழுத்தில்லாத டப்பாவில் களிம்பும் ஓராண்டு வாங்கினார்கள். ஒரு வளையல் அடகுக்குப் போனது. புள்ளிகள் முழங்கை வரை ஏறின.

அக்குடும்பத்தை நாம் பழிக்கவில்லை. அன்று அந்தக் கூடத்தில் நம்மில் சிலரும் அமர்ந்திருந்தோம், தேநீர் குடித்தோம், வாய் திறக்கவில்லை. அந்த மௌனத்தின் கடனாகவே இதை எழுதுகிறோம்.

முதலில் அந்தச் 'சோதனை எலி'யைப் பார்ப்போம். என்ன மருந்து என்று தெரியாமல், எவ்வளவு என்று தெரியாமல், பக்கவிளைவு வந்தால் யாரைக் கேட்பது என்றும் தெரியாமல் ஒரு பெண்பிள்ளை ஓராண்டு மருந்து உண்டாளே, அதற்குப் பெயர் என்ன? அதுவும் சோதனைதான். கையொப்பம் இல்லாத, கணக்கு இல்லாத, நாமே பணம் கட்டி நம் பிள்ளையை ஒப்படைத்த சோதனை. அதிலிருந்து எவரும் எதையும் கற்கவும் இல்லை. அடுத்த மாதம் அதே அறைக்கு அடுத்த பிள்ளை வருகிறாள்.

முறையான ஆய்வு எப்படி நடக்க வேண்டும் என்பதை நம் நாட்டுச் சட்டம் வகுத்திருக்கிறது. 2019-ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவப் பரிசோதனை விதிகளின்படி, புதிய மருந்தைச் சோதிப்பதற்கு அரசின் அனுமதி வேண்டும். மருத்துவர் அல்லாதவரும் அமர்ந்திருக்கும் நெறிமுறைக் குழு ஒப்ப வேண்டும். இந்திய மருத்துவப் பரிசோதனைப் பதிவேட்டில் முன்கூட்டியே பதிய வேண்டும். பங்கேற்பவருக்குப் புரியும் மொழியில் எல்லாவற்றையும் விளக்கிய பிறகே ஒப்புதல் பெற வேண்டும். ஆய்வினால் தீங்கு நேர்ந்தால் இலவச மருத்துவமும் இழப்பீடும் உண்டு. எந்த நாளிலும் காரணம் சொல்லாமல் விலகலாம். சிறுவராயின் பெற்றோர் ஒப்பினால் மட்டும் போதாது. விவரம் தெரிந்த பிள்ளையின் இசைவையும் கேட்க வேண்டும். நம் குடும்பங்களில் நிகாஹுக்குக்கூடப் பெண்ணின் இசைவை இத்தனை கவனமாகக் கேட்கிறோமா என்பது வேறு விவாதம்.

விதி இருப்பதாலேயே மீறல் இல்லை என்று நாம் சொல்லவில்லை. 2009-இல் ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வதோதராவிலும் பழங்குடிச் சிறுமியர் உள்ளிட்டோருக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி ஆய்வு நடந்தபோது, பெற்றோருக்குப் பதிலாக விடுதிக் காப்பாளர்கள் ஒப்புதல் படிவங்களில் கையெழுத்திட்டது வெளிவந்தது. 2010-இல் அரசு அதை நிறுத்தியது. நாடாளுமன்றக் குழு கடுமையாகக் கண்டித்தது. ஆகவே அச்சம் மூடத்தனம் அன்று. ஆனால் அச்சம் உள்ளவன் கேள்வி கேட்க வேண்டும். பதிவு எண் என்ன, இரத்தம் எங்கே வைக்கப்படும், படம் எடுத்தால் முகம் மறைக்கப்படுமா, பெண்களைப் பார்க்கப் பெண் மருத்துவர் இருப்பாரா? இவற்றைக் கேட்கும் உரிமை நமக்கு உண்டு. கேட்காமலேயே கதவை அடைப்பவர், லாட்ஜ் அறையின் கதவை மட்டும் ஏன் தட்டுகிறார்?

இரண்டாவது, "அல்லாஹ் கொடுத்தது." ஆம், நோய் அவன் நாட்டம்தான். அவன் இறக்கிய நோய்க்கு மருந்தையும் இறக்கியிருக்கிறான், மருத்துவம் செய்துகொள்ளுங்கள் என்று அண்ணல் நபி (ஸல்) அவர்கள் கற்றுத்தந்ததும் நமக்குத்தான். அம்மருந்தை எவரேனும் தேடினால்தானே அது கிடைக்கும்? பதின்மூன்றாம் நூற்றாண்டில் அந்தலூசிய அறிஞர் இப்னுல் பைத்தார், வெண்புள்ளிக்கு ஒரு செடியின் விதையை உண்டு வெயிலில் நிற்கும் முறையைத் தம் நூலில் குறித்துவைத்தார். 1940-களில் கெய்ரோவில் மருத்துவர் அப்துல் முன்இம் அல்-முஃப்தி, அச்செடியிலிருந்து பிரித்தெடுத்த பொருளை நோயாளிகளிடம் முறையாகச் சோதித்தார். இன்று உலகெங்கும் தோல் மருத்துவர்கள் மருந்தும் புற ஊதா ஒளியும் சேர்த்துத் தரும் சிகிச்சையின் வேர் அங்கேதான் இருக்கிறது. அந்தக் கெய்ரோ நோயாளிகள் முஸ்லிம்கள் வாழும் நகரத்துச் சாமானியர்கள். அவர்கள் தோலைக் காட்ட மறுத்திருந்தால்?

நம் மார்க்கத்தின் பெயரால் நடக்கும் மற்றொரு குழப்பத்தையும் சொல்லியாக வேண்டும். அரபியில் 'பரஸ்' வேறு, 'ஜுதாம்' வேறு. முன்னது வெண்புள்ளி, பின்னது தொழுநோய். நபியவர்கள் பாதுகாவல் தேடிய துஆவிலேயே இரண்டும் தனித்தனியாக இடம்பெறுகின்றன. தமிழில் நாம் இரண்டையும் 'குஷ்டம்' என்ற ஒரே சாக்கில் கட்டினோம். நம் குர்ஆன் மொழிபெயர்ப்புகளிலும் 'வெண்குஷ்டம்' என்ற சொல் புழங்குகிறது. தொழுநோய் கிருமியால் வருவது. அதையும் இன்று மாத்திரையால் முழுமையாகக் குணப்படுத்தலாம். வெண்புள்ளியோ தொற்றவே தொற்றாது. உடலின் எதிர்ப்புச் செல்கள் வழிதவறித் தோலின் நிறமிச் செல்களைத் தாக்குவதால் நேர்வது அது. மீனும் பாலும் சேர்த்து உண்டதால் வந்ததும் அன்று, தாய் செய்த பாவமும் அன்று. உவைஸுல் கர்னீ (ரஹ்) அவர்களின் உடலில் பரஸ் இருந்து, ஒரு திர்ஹம் அளவு தவிர நீங்கியது என்று ஸஹீஹ் முஸ்லிமில் வருகிறது. அவரைக் கண்டால் பாவமன்னிப்புக்காகத் துஆ செய்யக் கேளுங்கள் என்று உமர் (ரலி) போன்றோருக்கே சொல்லப்பட்டது. அந்த உவைஸ் இன்று நம் ஊருக்கு வந்தால் வலீமாவில் ஒரே ஸஹனில் உட்கார எத்தனை பேர் முன்வருவோம்?

மூன்றாவதே உண்மையான காரணம். மற்றவை அதற்குப் போர்த்திய துணி. வரன். நம் தர்மபுரி மாவட்டத்தில் நிலத்தடி நீரின் ஃபுளோரைடால் பல்லில் காவி படிந்தவர் ஏராளம். அதற்காகத் தண்ணீரைக் குறை சொன்னோம்; ஆய்ந்தார்கள், அளந்தார்கள், ஒகேனக்கலிலிருந்து குடிநீர் வந்தது. பல்லில் கறை படிந்தால் தண்ணீரைக் குறை சொல்லும் நாம், தோலில் வெண்மை படிந்தால் பெண்ணைக் குறை சொல்கிறோம். மறைப்பதால் யாருக்கு லாபம்? மறைத்து முடித்த நிகாஹ் ஜமாஅத்தின் முன் பஞ்சாயத்தாக வந்து நிற்பதை நாமே பார்க்கிறோம். 1939-ஆம் ஆண்டின் முஸ்லிம் திருமண ரத்துச் சட்டத்தில் தொழுநோய் ஒரு காரணமாக இருந்ததைக்கூட 2019-இல் நாடாளுமன்றம் நீக்கிவிட்டது. சட்டம் தொழுநோயையே விட்டுவிட்டது. நாம் தொற்றாத புள்ளியைப் பிடித்துக்கொண்டிருக்கிறோம்.

நாம் ஒதுங்கி நிற்பதால் வரும் இழப்பு வெறும் பேச்சன்று. வெண்புள்ளிக்கு நிறம் மீட்கும் ருக்ஸோலிடினிப் களிம்பை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2022 ஜூலையில் ஏற்றது. அதற்கு அடிப்படையான இரு ஆய்வுகளில் 674 பேர் பங்கேற்றனர். 24 வாரங்களில், களிம்பு பூசியவர்களுள் ஏறத்தாழ நூற்றுக்கு 30 பேருக்கு முகத்தில் முக்கால் பங்கு நிறம் திரும்பியது. வெற்றுக் களிம்பு பூசியவர்களில் அது 7 முதல் 11 பேருக்கே. ஆனால் பங்கேற்றவர்களில் நூற்றுக்கு 80-க்கும் மேற்பட்டோர் வெள்ளையர். வெள்ளைத் தோலில் கண்ணுக்கே தெரியாமல் போகக்கூடிய புள்ளி, நம் மாநிறத்தில் தெருக்கோடியிலிருந்தே தெரியும். அதிகம் துன்புறுவது நாம். அளவெடுக்கப்பட்டது அவர்கள் தோல்.

1950-களின் சென்னை வேறுவிதமாக நடந்துகொண்டது. 1956-இல் சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் மையத்தில், நெருக்கடியான வீடுகளில் வாழ்ந்த ஏழை நோயாளிகள் 193 பேர் ஓர் ஆய்வுக்கு வந்தனர். சிலருக்கு வீட்டில் வைத்தே மருந்து, சிலருக்குச் சானடோரியம். 1959-இல் முடிவு வெளியானது: வீட்டு மருத்துவமும் ஏறத்தாழ அதே பலனைத் தந்தது, வீட்டிலிருந்தோருக்கு அதனால் கூடுதல் ஆபத்தும் இல்லை. உலகம் காசநோயாளியைக் குடும்பத்திலிருந்து பிரிப்பதைக் கைவிட அது பெருங்காரணம். அன்று காசநோய்க்கு இருந்த அவப்பெயர் இன்றைய வெண்புள்ளியைவிடக் குறைவாக இருந்ததா?

நம் ஜமாஅத்தாரிடம் ஒன்று கேட்டிருக்கிறோம். ஜூன் 25 உலக வெண்புள்ளி நாள். அதற்கு முந்தைய ஜும்ஆவின் தமிழ் பயானில் பரஸைப் பற்றி இமாம் பத்து நிமிடம் பேச வேண்டும். பெண்கள் தனியே கேள்வி கேட்க ஒரு பெண் மருத்துவரை மதரஸாவுக்கு அழைக்க வேண்டும். பதில் இன்னும் வரவில்லை.

அந்தத் தாய் காத்திருக்கவில்லை. வரும் வாரம் மகளுடன் மீண்டும் தோல் பிரிவுக்குச் செல்கிறார். ஆய்வில் சேர்வதா வேண்டாமா என்பதைப் படிவத்தை முழுதும் படித்துவிட்டு மகளே சொல்லட்டும் என்கிறார். பேருந்தில் உடன் செல்ல நம் வீட்டுப் பெண்கள் இருவர் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.