மலிவான சிம் மாங்குளம் மட்டும்தான்

ஒவ்வொரு முறை டேட்டா விலை ஏறும்போதும் கம்பஸ் குறூப்பில ஆராவது ஒருத்தர் எழுதுவார்: "புலம்பாமல் மலிவான சிம்முக்கு மாறுங்கோவன்." கீழே பத்து லைக் விழும். எழுதினவர் பெரும்பாலும் திருநெல்வேலியிலயோ கொக்குவிலிலயோ வீடு உள்ளவர். அவருக்கு அது சரியான புத்திதான். பரமேஸ்வராச் சந்தியில நிண்டால் எந்தச் சிம்முக்கும் சிக்னல் நிறைஞ்சு நிற்கும்.

நாங்கள் வன்னியில இருந்து வந்து கலைப்பீடத்தில படிக்கிற ஆக்கள். நாங்களும் மாறிப் பார்த்தோம். வெள்ளிக்கிழமை பின்னேர பஸ்ஸில ஏறினால் ஆனையிறவு, பரந்தன், முறிகண்டி என்று ஏ9 நெடுகப் பிரச்சினை இல்லை. மாங்குளத்தில திரும்பி ஒட்டுசுட்டான் பக்கம் போய், உள் றோட்டில இறங்கி நடக்கத் தொடங்கக் கோடுகள் ஒவ்வொன்றாகக் கழரும். வீட்டு முற்றத்தில சேவை இல்லை. குளக்கட்டில ஏறினால் ஒரு மெசேஜ் போகும். பொழுதுபட்டால் யானைக்குப் பயந்து அங்கேயும் ஏற ஏலாது. ஆகவே பழைய சிம்மையும் விட முடியாது. இரண்டு சிம், இரண்டு பக்கேஜ். மிச்சம் பிடிக்கப் போய்க் கூடச் செலவழித்ததுதான் கண்ட மிச்சம்.

லண்டனில இருக்கிற மச்சாள் 'சிம் மட்டும்' திட்டத்துக்கு மாறிக் காசு மிச்சம் பிடிச்சதாகச் சொன்னா. அங்கே போனையும் இணைப்பையும் சேர்த்து மாதத் தவணைக்கு விற்கிறார்கள். போன் காசு முடிந்ததும் சிம்மை மட்டும் வைத்திருந்தால் பில் குறையும். நாங்கள் பிறந்ததிலிருந்தே சிம் மட்டும்தான். போன் மாமா அனுப்பினது, இல்லாட்டி ஆரோ பாவிச்சது.

போட்டி இருந்தால் விலை தானாகக் குறையும் என்பார்கள். உண்மை, நடந்திருக்கிறது. 2009 ஜனவரியில் ஐந்தாவது நிறுவனமாக எயார்டெல் வந்தபோது நாட்டில் அழைப்புக் கட்டணம் சடசடவென்று விழுந்தது. அடுத்த வருடம் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவே தலையிட்டு, இதற்குக் கீழே போகக்கூடாது என்று அடிமட்டக் கட்டணம் வைக்கவேண்டி வந்தது. (அந்த ஜனவரியில் எங்கட சனம் என்ன செய்துகொண்டிருந்தது என்று இதை வாசிக்கிற உங்களுக்குத் தெரியும்.) 2018 இல் எடிசலாட்டை ஹட்ச் வாங்கியது, 2024 இல் எயார்டெலை டயலொக் வாங்கியது. இப்ப மூன்றுதான். இடையில் 2022 செப்டெம்பரில் கட்டணத்தை 20 வீதம் கூட்ட அனுமதி கிடைத்தது. 2024 ஜனவரியில் வற் வரி 18 வீதமானது. மூன்று பேர் விற்கிற சந்தையில், ஒருவருடைய டவர் மட்டும் எட்டுகிற ஊரில், எதைத் தெரிவு செய்யச் சொல்கிறீர்கள்?

சரி, மலிவு பக்கேஜ்தான் என்ன? முகநூல் எவ்வளவும் பாருங்கோ, டிக்டொக் எவ்வளவும் பாருங்கோ. விரிவுரையாளர் அனுப்பின ஐம்பது பக்கக் கட்டுரையை இறக்கப் போனால் அது வேறு கணக்கில வெட்டும். இந்தியாவில் எந்தத் தளம் பார்க்கிறீர்கள் என்பதை வைத்து வேறு வேறு விலை போடுவதை 2016 இலேயே தடுத்துவிட்டார்கள். இங்கே அதைச் சலுகை என்று விளம்பரம் போடுகிறார்கள், நாங்களும் பகிர்கிறோம்.

நம்பர் விசயம் இன்னும் மோசம். நம்பரை மாற்றாமல் நிறுவனம் மாறுகிற வசதி இந்தியா முழுக்க 2011 ஜனவரியில் வந்தது. இங்கே அதை எத்தனை வருடம் பேச்சிலேயே வைத்திருந்தார்கள்! மஹாபொல விழுகிற வங்கிக் கணக்கு, அஸ்வெசும படிவம், எல்லாம் பழைய நம்பரில. எங்கட ஊர்களில இன்னொன்றும் இருக்கு. காணாமல் ஆக்கப்பட்ட மகனுக்காக ஒவ்வொரு ஆணைக்குழுவுக்கும், ஒவ்வொரு அலுவலகத்துக்கும் எழுதிக் குடுத்த நம்பரை வைத்திருக்கிற அம்மாக்கள். அவர்களிட்ட போய் "அம்மா, மற்றச் சிம் மலிவு" என்று சொல்ல எங்களுக்கு வாய் வரேல்லை.

கேட்க வேண்டியது நிறுவனங்களிடமும் ஆணைக்குழுவிடமும். கனடாவில இருந்து வாற மாமா விமான நிலையத்தில இறங்கினதும் அவருடைய சிம் இங்கத்தை டவர் ஒன்றைப் பிடிக்குது. எங்கட வீட்டு முற்றத்திலும் பிடிக்குது. ரோமிங் என்கிறார்கள். கடல் கடந்து வந்த சிம்முக்குக் கிடைக்கிற டவர், யாழ்ப்பாணத்தில வாங்கின சிம்முக்கு ஏன் கிடைக்காது? காசு எங்கே என்று கேட்பார்கள். வெளிநாட்டு அழைப்புகளுக்கு நிறுவனங்களிடம் வரி அறவிட 2004 இல் சட்டம் வந்தது. கிராமங்களுக்குத் தொலைத்தொடர்பைக் கொண்டுபோவதும் அதன் நோக்கங்களில் ஒன்று. ரொறன்ரோவிலிருந்தும் பாரிஸிலிருந்தும் வன்னிக்கு வந்த அழைப்புகளும் அந்த வரிக்குள்தான் வந்தன. அந்தக் காசில் எங்கட பிரதேச செயலாளர் பிரிவுகளில் எத்தனை டவர் நிமிர்ந்தது என்று, ஒவ்வொரு பிரிவாக எண்ணிக்கை கேட்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பம் எழுதிக்கொண்டிருக்கிறோம். சேர விரும்புகிறவர்கள் உங்கட ஊரில எந்தச் சிம் எந்த இடம் மட்டும் வேலை செய்யுது என்று குறித்து அனுப்புங்கோ.

இந்தக் கிழமை வீட்ட போறவை, கட்டுரையெல்லாம் மாங்குளத்துக்கு முதலே இறக்கிக்கொள்ளுங்கோ.